கட்டம் போட்ட துண்டின் நிறம்

நூலக்காவைச் சும்மா உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். கண் டாக்டர் அதைத்தான் செய்யச் சொல்லியிருந்தார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வருகிற வெள்ளிக்கிழமை இடது கண். அதுவரை குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓய்வாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு வந்தவள், ஓய்வு என்றதும் “எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்தானே வீட்டில் அவளோடு கிடந்து அல்லாட வேண்டும்.

கட்டு அவிழ்த்த மறுநாள் காலையிலேயே கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவளைப் பார்த்துக்கொள்வதற்காக லீவு போட்டிருந்தார்.

“மேலயும் கீழயும் போறது நின்னுபோச்சுன்னா நான் சரி பண்ணிடுவேன். நீ குறுக்கும் நெடுக்குமா போற. இதை நிறுத்துறதுக்கு என்கிட்ட சாமான் இல்ல,” என்றார்.

“என் படம் பாதியில கிடக்கு.”

“அது எங்கயும் ஓடிடாது.”

“எலுமிச்சம்பழம் வாடிடும்.”

நாற்பது வயதுக்கு மேல் படம் போடப் பழகியவள் அவள். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சமையலறை மேஜையில் நாலைந்து சாமான்களைப் பரப்பி வைத்து வாட்டர் கலரில் வரைவாள். பூ, மலை, குருவி எதுவும் அவளுக்குப் பிடிக்காது. “அதெல்லாம் ஏற்கெனவே அழகாத்தானே இருக்கு, நான் வேற எதுக்கு?” என்பாள். அடி நசுங்கிய வடிகட்டி, முளைவிட்ட வெங்காயம், பால் காய்ந்த கிண்ணம், இவற்றோடுதான் அவளுக்கு வேலை. ஜாடியை ஒரு விரல் அளவு நகர்த்துவாள், கதவு வரை பின்னால் போய்ப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், திரும்பி வந்து இன்னொரு விரல் நகர்த்துவாள். முட்டைகள் உருளாமல் இருக்க அடியில் ரொட்டித் துணுக்கை ஒட்டி வைப்பாள். அமைப்பு முடிவதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்குப் பசி வந்துவிடும். வரைந்து முடிக்கும்வரை யாரும் அந்த மேஜையில் கை வைக்கக் கூடாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

வாட்டர் கலருக்குப் பொறுமை வேண்டும். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். நூலக்காவுக்கு அந்தக் காத்திருப்புதான் எமன். ஊதுவாள், விசிறுவாள், காகிதத்தை அடுப்புக்கு மேலே காட்டுவாள், ஒருமுறை காட்டிக் கருக்கியும் இருக்கிறாள். அப்படியும் விடாமல் ஏன் போடுகிறாள் என்று கேட்டால், நிறத்துக்காக என்றுதான் சொல்ல வேண்டும். நிறம் என்றால் அவளுக்கு உயிர்.

கடைத்தெருவில் ஒரு தையல் சாமான் கடை. தரையிலிருந்து கூரை வரை நூல்கண்டு இழுப்பறைகள். அங்கே நூல் பகுதியில் அவள் இருபது வருஷத்துக்கு மேல் நின்றாள். துணித்துணுக்கோடு வருகிறவர்களிடம் அதைக் கையில்கூட வாங்க மாட்டாள். ஒரு பார்வை, ஓர் இழுப்பறை, ஒரு கண்டு. “வெளிய வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்க. சரியில்லன்னா திரும்பி வாங்க,” என்பாள். வெகுநாள்வரை யாரும் திரும்பி வந்ததில்லை. நூலக்கா என்ற பேர் அங்கே வந்ததுதான். வீட்டுக்காரரே அப்படித்தான் கூப்பிடுவார், கோபமாக இருக்கும்போது மட்டும்.

படம் போடுவதிலும் அவளுக்குக் கடைப் பழக்கம் போகவில்லை. நேராக வண்ணத்தைக் குழைக்க மாட்டாள். முதலில் வீட்டில் சேர்த்து வைத்திருந்த நூல்களில் ஒவ்வொரு சாமானுக்கும் பொருந்துகிற நூலைத் தேடி எடுத்து ஓர் அட்டையில் வரிசையாகச் சுற்றுவாள். வெங்காயத்தின் வெளிச்சப் பக்கத்துக்கு ஒன்று, நிழல் பக்கத்துக்கு ஒன்று. பிறகு அந்த நூலைப் பார்த்து வண்ணம் குழைப்பாள். “சாமான் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். நூல் பேச்சு மாறாது,” என்பது அவள் கட்சி.

பாதியில் கிடந்த படத்தில் ஒரு வெள்ளை எனாமல் ஜாடி, இரண்டு வெங்காயம், மூன்று முட்டை, பாதி அறுத்த எலுமிச்சம்பழம், மேஜை விளிம்பிலிருந்து சரிந்து தொங்கும் கட்டம் போட்ட கைத்துண்டு. துண்டு முடிந்திருந்தது. ஜாடியும் ஒருவகையில் முடிந்திருந்தது. அவள் வண்ணப்பெட்டியில் வெள்ளை கிடையாது. வெள்ளை வேண்டும் என்றால் காகிதத்தை அப்படியே விட்டுவைப்பாள்.

இனி சின்னவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னவள் என்றால் கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே அடுப்பு. அடுப்பில் இடது பர்னர் நூலக்காவுக்கு, வலது பர்னர் சின்னவளுக்கு. இந்தப் பாகப்பிரிவினை ஒரு வருஷமாகத்தான். அதற்கு முன் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

சின்னவளைக் கடையில் சேர்த்துவிட்டதே நூலக்காதான். இவள் எடுத்துக் கொடுக்கும் கண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. ஒருநாள் நல்ல கூட்டம். நூலக்கா தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது, தான் எடுத்துக் கொடுத்த கண்டைச் சின்னவள் சத்தமில்லாமல் இழுப்பறையில் போட்டுவிட்டு, வேறொரு கண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நூல் பொருந்தவில்லை என்று ஒன்றிரண்டு பேர் திரும்பி வர ஆரம்பித்திருந்தார்கள். நூலக்காவுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வாடிக்கையாளர்கள், முதலாளி, எதிர்க்கடைக்காரர், அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டாள். “என் பேரைக் கெடுக்கிறது வெளியாள் இல்ல, என் வீட்டுக்குள்ளயே இருக்கா!” சின்னவள் கையில் இருந்த கண்டைச் சுற்றி முடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். இப்போது பக்கத்துத் தெருச் சலவைக்கடையில் துணி மடிக்கிறாள்.

அதன் பிறகு வீட்டில் இவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை, பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. ‘டங்’கென்று ஒரு மூடி இங்கே விழுந்தால் ‘டங்’கென்று ஒன்று அங்கே விழும். கடையிலோ நூல் திரும்பி வருவது குறையவில்லை, கூடியது. நூலக்கா அதற்கும் காரணம் வைத்திருந்தாள்: முதலாளி மாட்டிய புது விளக்குகள். கடைசியில் முதலாளி, “கொஞ்ச நாள் பொத்தான் பக்கம் பாருங்களேன்,” என்றார். அவமானத்தில் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனாள். புரை, பார்வை மங்கும் என்றார்கள். மங்கும்தானே, நிறம் எங்கே போகப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எலுமிச்சம்பழம் வாடிவிடும் என்ற கவலை தாங்காமல் அன்று காலை சமையலறைக்குள் நுழைந்தாள். சின்னவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து இரண்டு பர்னரிலும் அவள்தான் சமைத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நூலக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையைப் பார்த்தாள்.

“துண்டை மாத்தினது யாரு?”

சின்னவள் திரும்பினாள்.

“நான் வெச்சுட்டுப் போனது சாம்பல் பச்சைத் துண்டு. இது பளிச்சுன்னு நீலமா இருக்கு. என் படத்துல கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“யாரும் மாத்தலக்கா. அதே துண்டுதான்.” ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் அக்கா.

“எனக்கே கண்ணு தெரியலன்னு சொல்றியா?”

சின்னவள் துண்டைத் தொடாமல் அதன் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு சுட்ட ஓட்டை இருந்தது. “அடுப்புல பட்டது. நீங்கதான் சுட்டீங்க,” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

ஓட்டை அதே ஓட்டைதான். நூலக்கா வலது கண்ணைக் கையால் மறைத்துப் பார்த்தாள். சாம்பல் பச்சை. இடது கண்ணை மறைத்தாள். நீலம், மழைவிட்ட வானத்து நீலம். வலது, இடது, வலது, இடது. இழுப்பறையிலிருந்து நூல் அட்டையை எடுத்து, துண்டுக்கென்று தானே தேடிச் சுற்றிய நூலைத் துண்டின் மேல் வைத்தாள். பழைய கண்ணுக்கு இரண்டும் ஒன்று. புதுக் கண்ணுக்கு நூல் பாசி பிடித்த தண்ணீர் நிறம், பக்கத்தில் துண்டு நீலம். கடையில் எந்தப் பொடிப்பயலிடம் காட்டினாலும் சிரிப்பான். அன்றைக்குத்தான் அவள் யாரும் சொல்லாமல் தானாக உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தது கொஞ்ச நேரம்தான். பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீடு முழுக்க அலைந்தாள். ஒரு கண்ணை மூடுவாள், மறு கண்ணை மூடுவாள். சுவர் மாறியது, திரைச்சீலை மாறியது, வீட்டுக்காரரின் சட்டை மாறியது.

“யாரைப் பாத்துக் கண்ணடிக்கிற?” என்றார் அவர்.

“உங்க சட்டை ஊதாவா?”

“கல்யாண நாளுக்கு நீதானே வாங்கிக் கொடுத்த. பழுப்புன்னு சொல்லிக் கொடுத்த. எதுக்கு வம்புன்னு போட்டுக்கிட்டேன்.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படியானால் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், வம்பு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

படத்தையாவது சரிசெய்யலாம் என்று ஸ்பாஞ்சை நனைத்துத் துண்டின் பச்சையைத் துடைத்துப் பார்த்தாள். நிறம் போகவில்லை, காகிதம்தான் நார் பிரிந்து சுருண்டது. அதன் மேல் நீலத்தைப் பூசினாள், அது இன்னும் கேவலமாயிற்று. ஊதினாள், விசிறினாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். படத்தில் இரண்டு கண்ணுக்கும் சரியாக இருந்தது ஜாடி ஒன்றுதான். அதில் அவள் எதையுமே பூசியிருக்கவில்லை.

படத்தை விடுங்கள், அவளைக் குடைந்தது வேறு. பொருந்தாத நூலைக் கொடுத்தது தானேதான் என்பது இப்போது வெட்டவெளிச்சம். வெள்ளிக்கிழமை இந்தப் பழைய கண்ணும் போய்விடும். போய்விட்டால் நடந்ததற்கு ஒரு சாட்சியும் மிஞ்சாது. இரண்டு கண்ணும் துலக்கமாகிவிடும், திரும்ப நூல் பகுதிக்குப் போய் நிற்கலாம், முதலாளியும் பழையபடி தலையில் வைத்துக் கொண்டாடுவார். சின்னவள் மேல் விழுந்த பழி மட்டும் விழுந்தபடியே கிடக்கும். பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு அவளுக்கு வந்தது. வந்தது என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஜாடியின் நிழலுக்கு ஒரு பூச்சு கொடுத்துவிட்டுக் காய்வதற்காகக் காத்திருந்தாள். கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்த சின்னவள் அந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்தாள்.

“சமையலுக்குத்தானே, எடுத்துக்கோ. அதை வரைஞ்சாச்சு,” என்றாள் நூலக்கா.

“பரவால்லக்கா. இருக்கட்டும்.”

“நில்லு. ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் கடையில நான் குடுத்த கண்டைப் போட்டுட்டு வேற எடுத்தியே. எதுக்கு?”

சின்னவள் குழாயைத் திறந்தாள், கை கழுவினாள், மூடினாள். “இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?”

“சொல்லு.”

“நீங்க குடுத்தது கறுப்பு. அந்தம்மா கொண்டு வந்தது கருநீலம்.”

“அன்னைக்கு ஒருநாள்தானா?”

“அதுக்கு முன்னாடி கொஞ்ச மாசமா. நீலமும் ஊதாவும்தான் உங்களுக்குத் தப்பும். சிவப்புல ஒருநாளும் தப்பினதில்ல. நான் கவனிச்சு மாத்திக் குடுத்துடுவேன். கூட்ட நேரத்துலதான் ஒண்ணு ரெண்டு கை நழுவிப் போச்சு, அதுதான் திரும்பி வந்தது.”

நூலக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். திரும்பி வந்த நூலுக்காக இவளைத் திட்டினாளே, திரும்பி வராத நூல் எல்லாம் இவள் தயவு.

“அடிப்பாவி. என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“உங்ககிட்டயா?” சின்னவள் சிரித்தேவிட்டாள். “உங்களுக்கு நிறம் தெரியலன்னு உங்ககிட்ட சொல்லிட்டு யாருக்கா உயிரோட திரும்பறது?” உடனே சிரிப்பு நின்றது. “கடையில எல்லாரும் உங்க கண்ணை நம்பித்தான் வராங்க. அது போச்சுன்னு என் வாயால எப்படிக்கா சொல்வேன்? நீங்கதானே என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்க.”

“அன்னைக்கு நான் அப்படிக் கத்தினப்பவாவது?”

“அத்தனை பேர் முன்னாடியா?”

நூலக்கா அழுதாள். நன்றாகவே அழுதாள். சின்னவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அது பாசத்தில் பாதி, பயத்தில் பாதி. “கண்ணைக் கசக்காதீங்க! டாக்டர் திட்டுவாரு! மாமாவைக் கூப்பிடவா?” அதற்குள் நிழல் பூச்சு காய்ந்து ஒரு பக்கம் திட்டாகிவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள், கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து நூலக்கா கிளம்பினாள். கறுப்புக் கண்ணாடி, கையில் கட்டம் போட்ட துண்டு, நூல் அட்டை. சின்னவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். “வேணாம்க்கா, கண்ணு ரெண்டும் சரியானப்புறம் பாத்துக்கலாம்,” என்று அவள் வழிநெடுகக் கெஞ்சினாள்.

“சரியானப்புறம் சொன்னா யாரு நம்புவா? பெருந்தன்மையா பேசறேன்னுதான் நினைப்பாங்க. இந்தக் கண்ணு இருக்கிறப்பவே காட்டணும்.”

கடையில் முதலாளி வரவேற்கக் கையெடுத்தார். அவள் அவரிடம் நிற்கவில்லை. நேராக நூல் பகுதிக்குள் போய், தன் பழைய இடத்தில் நின்று, மேஜையை நாலு தட்டுத் தட்டினாள். பொத்தான் வாங்க வந்தவர்கள், ஜிப் வாங்க வந்தவர்கள், எல்லோரும் திரும்பினார்கள். எதிர்க்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். அவருக்கு எப்போதும் வேறு வேலை கிடையாது.

“போன வருஷம் இதே இடத்துல நின்னு, என் ஓரகத்தி நூலை மாத்தறா, என் பேரைக் கெடுக்கறான்னு கத்தினேன். முதலாளி, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

முதலாளி சங்கடமாகத் தலையாட்டினார்.

“இப்ப பாருங்க.” கண்ணாடியைக் கழற்றினாள், வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். துண்டை மேஜைமேல் விரித்தாள். பழைய கண்ணால் ஒரு பார்வை. கை தயங்கவே இல்லை. இருபது வருஷத்துப் பழக்கம், இழுப்பறை தானாக வந்து கையில் நின்றது. ஒரு கண்டை எடுத்துத் துண்டின் மேல் வைத்தாள். “இதுதான் இதுக்கு நூல். வெயில்ல கொண்டுபோய் வேணும்னாலும் பாருங்க.”

யாரும் வெயிலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நீலத் துண்டின் மேல் கண்டு அழுக்குப் பச்சையாகக் கிடந்தது. முன்னால் நின்ற ஒரு பெண் சிரிக்க வாயெடுத்து, நூலக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முதலாளி தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினார். நூலக்கா கண்ணை மூடிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் நின்றாள்.

சின்னவளால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். துண்டின் மேலிருந்த கண்டைச் சத்தமில்லாமல் எடுத்து இழுப்பறையில் போட்டாள். இரண்டு வரிசை மேலே கையை நீட்டி வேறொரு கண்டை எடுத்து, அதே இடத்தில் வைத்தாள்.

நூலக்கா வலது கண்ணிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள்.

“சரியா இருக்கு,” என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.